கீழ் ஆயா

ஹலோ... ஹலோ, ஜெப்ரின்? அம்மா பேசறேன்டா. கேக்குதா?... எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்குதா?... ஆங், இப்ப தெளிவா இருக்கு. எங்க இருக்க?... பார்க்கிங்லியா? ரெண்டு பேரும் இப்பதான் வந்தீங்களா?... நல்லதாப் போச்சு. கார்லியே உக்காரு, எறங்காத. லிஃப்ட்ல ஏறிட்டீன்னா லைன் அறுந்துடும். போன தடவை அப்படித்தான், பாதிப் பேச்சுல நீ ஏறிட்ட, நான் பாட்டுக்கு செவுத்தப் பாத்துப் பேசிகினு இருந்தேன்.

... இல்லடா, ஒண்ணும் ஆவல. அப்பா நல்லாத்தான் இருக்காரு. பக்கத்து வூட்டு ராயப்பன் வண்டில ஏறி மெயின் பஜார் போயிருக்காரு. பீரோவக் கட்ட கயிறு வேணுமாம். நாளைக்குக் காலையில லாரி வருதில்ல?... ஆமா, நாளைக்குத்தான். அப்பாதான் ரிட்டயர் ஆயிட்டாரே, லாரி போனதும் குவார்ட்டர்ஸ் சாவிய ஒப்படைக்கணும். மறந்துட்டியா?... சரி சரி, மறக்கல. நான் ஒண்ணும் சொல்லல.

... அதான், அவரு வர்றதுக்குள்ள உங்கிட்ட தனியா பேசணும்னு எடுத்தேன்.

... இரு, இரு. நீ எங்களுக்குப் பாத்து வெச்ச குறிஞ்சிப்பாடி வாடக வூட்டுக்கு அப்புறம் வருவோம். அந்த வூட்டுக்காரரு எங்கியும் ஓடிப்போவ மாட்டாரு. மொதல்ல நான் சொல்றதக் கேளு. நல்ல சேதிடா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி சேதி.

... எனக்கு பயம் போயிடுச்சு.

... ஹலோ?

... ஹலோ, ஜெப்ரின்? லைன்ல இருக்கியா?

... இருக்கியா! சத்தமே காணோமேன்னு பாத்தேன்.

... லிஃப்ட் பயம்தான்டா, வேற என்னா பயம் எனக்கு? இதே குவார்ட்டர்ஸ் கக்கூஸ்ல கண்ணாடிவிரியன் பூந்தப்ப, உங்கப்பா நைட் ஷிஃப்ட் போயிட்டாரு, நான்தான் ஒட்டடைக் குச்சியால அடிச்சேன். நீ கட்டில் மேல ஏறி நின்னுகினு அழுத. அந்த ஒரு பொட்டிதான் எனக்கு எமனா இருந்துது. இப்ப அதுவும் இல்ல.

... ஆமா. ஆமா. நெசமாத்தான் சொல்றேன்.

... ஞாபகம் இல்லாம இருக்குமா? நீ என்னா எனக்கு ஞாபகப்படுத்தறது? உன் புது வூடு மந்திரிக்க வந்த அன்னிக்கி லிஃப்ட்ல சர்ச்சு சாமியாரு, நான், உன் மாமியா, கையில தீர்த்த வாளி. நாலாவது மாடில கரண்டு போச்சு. இருட்டு. நான் கத்தின கத்துல சாமியாருக்கே வேர்த்துடுச்சு. வாளியத் தட்டிவுட்டு, அவரு அங்கியப் புடிச்சித் தொங்கி... கதவு தொறந்தப்ப உன் மாமியா வூட்டு ஜனம் மொத்தமும் வரிசையா நின்னுகினு என்னியப் பாத்துது. என் பொடவ நனைஞ்சிருந்தது தீர்த்தத்துல மட்டும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிது. அத நான் மறப்பேனாடா? செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்காக இப்பவும் பயப்படறேனான்னா, இல்ல.

... எப்படிப் போச்சுன்னு இப்பத்தான் கேக்கற. நாலு வாரமா விடிகாலை பஸ் புடிச்சி பாண்டிக்குப் போயிட்டு வந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'என்னாம்மா பண்றாங்க அங்க'ன்னு கேட்டியா?... பிஸிதான். இல்லன்னு யாரு சொன்னா. இப்ப சொல்றேன், காதுல வாங்கிக்க.

... காந்தம்டா. தலைக்கு மேல எட்டு எழுதினாப்பல ஒரு வளையம் வெப்பாங்க. அதுல கரண்டு போவுமாம், காந்தமாவுமாம், அது மண்டைக்குள்ள போயி பயப்படற எடத்தத் தட்டிக் குடுக்குமாம். மரங்கொத்தி கொத்தறாப்பல டக்கு டக்கு டக்குன்னு. அப்புறம் கொஞ்சம் நிறுத்துவாங்க. திரும்ப டக்கு டக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி மேல ஒரு குண்டூசி இருக்கக் கூடாது. கல்யாணத்துல போட்ட கம்மலு, சோப்பு போட்டு உருவினேன். கழுத்துல கெடந்த சிலுவையையும் கழட்ட சொல்லிட்டாங்க. சாமி கூட வெளிய டப்பாவுலதான் இருந்துது.

... வலியெல்லாம் இல்ல. அது முடிஞ்சதும் கண்ணுல பெரிய கண்ணாடி ஒண்ணு மாட்டுவாங்க. அதுக்குள்ள லிஃப்ட் தெரியும். நெசமா உள்ள நிக்கறாப்பலியே இருக்கும். மொத நாளு வாந்தி எடுத்தேன். டாக்டர் பொண்ணு ஒண்ணு, கிருஷ்ணப்ரியான்னு பேரு, அவளே தொடச்சி வுட்டா. மூணாவது வாரத்துல அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கே கூட்டினு போயிட்டா. கதவத் தொறந்து வெச்சிகினு சும்மா உள்ள நிக்கறது. அப்புறம் மூடித் தொறக்கறது. அப்புறம் ஒரு மாடி. அப்புறம் அவ வெளிய நிக்க, நான் மட்டும் தனியா.

... தனியாத்தான்டா! கடைசி வாரம் நான் ஏறி எறங்கினத பாத்து லிஃப்ட் ஆப்பரேட்டர் சிரிச்சாரு, 'அம்மா, கரண்டு பில்லு நீங்க கட்டறீங்களா'ன்னாரு.

... அதுல ஒரு வேடிக்கை கேளு. இது இன்னும் ஆராய்ச்சிதானாம், எல்லாருக்கும் குடுக்கற வைத்தியம் இல்ல. சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க: பாதிப் பேருக்கு நெஜ மிஷினு, பாதிப் பேருக்கு வெறும் சத்தம் மட்டும் போடற மிஷினு. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். எல்லாம் முடிஞ்சி நேத்துதான் கவரப் பிரிச்சாங்களாம். அந்தப் பொண்ணு போன் பண்ணி சொல்றா, 'அம்மா, உங்களுக்கு வெச்சது சத்தம் போடற மிஷினும்மா, காந்தமே ஓடல'ன்னு. எனக்குச் சிரிப்பு தாங்கல. ரெண்டு பேரும் போன்லியே சிரிச்சோம். கம்மலக் கழட்டினது தண்டம்!

... என்னாது?

... திரும்ப சொல்லு?

... 'அப்ப சரியாவல'ன்னா என்னாடா அர்த்தம்? சரியாயிடுச்சின்னு உனக்கு இவ்ளோ நேரமா சொல்லிகினு இருக்கேன்.

... மிஷினு பொய்யி. நான் லிஃப்ட்ல ஏறினது பொய்யா? நான் நின்னது பொய்யா?... அதான் அந்தப் பொண்ணே சொன்னாளே, கொஞ்சங்கொஞ்சமா உள்ள போயி நின்னு பழகினதே பாதி வைத்தியம்னு. உங்க தைரியம்தாம்மான்னா. என் வயசுக்கு எங்கிட்ட தைரியம் இருக்குதுன்னு மொத மொதல்ல சொன்ன ஆளு அவதான்.

... திரும்பி வந்துடுமா? யாரு சொன்னா?... கூகுள்ல பாத்தியா, எப்ப, இப்பவா? கார்ல உக்காந்துகினு, அம்மா பேசிகினு இருக்கறப்பவே பாத்துட்டியா? பலே.

... வந்துதுன்னா வரட்டும். வந்தா திரும்ப போயி நிப்பேன்.

... ஓ. மொதல்ல நெஜ மிஷின்ல போட்டுக்கணும். ஆமா, கேட்டாங்க. வேணும்னா ஃப்ரீயாவே போடறோம்னாங்க. வேணாம்னுட்டேன். காய்ச்சல் எறங்கினப்புறம் எதுக்குடா கசாயம்?... அதையும் முடிச்சிட்டு, அப்புறம் ரெண்டு மாசம் பாத்துட்டு, அப்புறம் பாப்பாவுக்குப் பரீட்ச, அப்புறம் மழ... சொல்லு, சொல்லு. நிறுத்தாத. இன்னும் என்னென்ன வெச்சிருக்க?

... கோவமா பேசலடா. சாதாரணமாத்தான் பேசறேன். என் கொரலே இப்படித்தான், உங்கப்பா சொரங்கத்துல கன்வேயர் சத்தத்துல வேல பாத்து காது மந்தம், அவருக்குக் கத்திக் கத்தி இப்படி ஆயிடுச்சு.

... யாரு அது பக்கத்துல? மெர்லினா? ஸ்பீக்கர்லியா போட்டிருக்க? மொதல்லியே சொல்லக் கூடாதா?... வா கண்ணு. நல்லா இருக்கியாம்மா? ஆபீஸெல்லாம் எப்படிப் போவுது?... அப்படியா. பாவம். சாப்புட்டியா ஏதாவது?... ஆமாம்மா. ஆமா. போயிடுச்சும்மா, கர்த்தர் புண்ணியத்துல.

... சொல்லும்மா, நான் என்னா தப்பா எடுத்துக்கப் போறேன்.

... ம்.

... ம்ம்.

... பாப்பா கூட இருக்கறப்ப லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, நான் கத்தினா, பாப்பா பயந்துடும். ஆமாம்மா, சரிதான். யோசிக்க வேண்டிய விசயம்தான்.

... டாக்டர் கையால எழுதி வாங்கினா நல்லதா? என்னான்னும்மா எழுதுவாங்க, இந்த அம்மா லிஃப்ட்ல ஏறத் தகுதியானவங்கன்னா? டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எனக்கொண்ணா?... இல்ல இல்ல, சும்மா சொன்னேன். சிரிக்கத்தான் சொன்னேன்.

... தெரியும்மா. உள் ரூமு ஆபீஸ் ரூமா ஆயிடுச்சு. அவன் வூட்லேர்ந்து வேல பாக்கறான். இந்தாண்ட ரூமு உனக்கும் அவனுக்கும். பாப்பா ஹால்ல. உங்கம்மா வந்தா எங்கம்மா படுக்கறாங்க?... ஓ, ஆபீஸ் ரூம்ல. சோபாவ விரிச்சா கட்டிலாயிடுமா. நல்ல வசதி.

... ஐயோ, நான் ஒப்பிட்டுப் பேசலம்மா. அவங்க அவங்களே, நான் நானே. பாப்பாவே பிரிச்சி வெச்சிருக்குதே, உங்கம்மா மேல் ஆயா, நான் கீழ் ஆயான்னு. மழலையில அது சொல்றப்ப எல்லாரும் எப்படிச் சிரிச்சோம்! நானும்தான் சிரிச்சேன்.

... எங்க நல்லதுக்குத்தான். ஆமாம்மா. குறிஞ்சிப்பாடி வூட்டையும் எங்க நல்லதுக்குத்தான் பாத்தீங்க. கீழ் போர்ஷன். படி இல்ல. மாடி இல்ல. பக்கத்து வூட்ல தறி சத்தம் மட்டும் கொஞ்சம். அப்பா காதுக்கு அதுவும் கேக்காதும்மான்னு உன் புருசனே சொன்னான். எல்லாம் யோசிச்சிருக்கீங்க.

... மெர்லின், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. சாமிக்கண்ணு அண்ணன் அங்க இருக்காரா? உங்க வாட்ச்மேன். காரு வுட்டு எறங்காம அப்படியே எட்டிப் பாரு... இருக்காரா? சேர்ல உக்காந்துகினு இருக்காரா? செவப்பு சேரு, ஒரு கை ஒடஞ்சது?... அதான். அது என் சேரும்மா.

... பின்ன? ஆறு வருசமா உங்க வூட்டுக்கு நான் வந்ததெல்லாம் அந்த சேருக்குத்தானே. மொத வருசம் ஒரு தடவை படியில ஏறிப் பாத்தேன், ஏழாவது மாடில முட்டி புடிச்சிக்கிச்சி, எவரு வூட்டு வாசல்லியோ உக்காந்துட்டு எறங்கிட்டேன். அதுலேர்ந்து அந்த சேருதான். நான் வந்தா அந்த மனுசன் எழுந்து நின்னுடுவாரு. நான் போற வரிக்கும் நின்னுகினே இருப்பாரு. பாப்பாவ மேலேர்ந்து எறக்கிக் காட்டுவீங்க. கால் மணி, அர மணி. கொசு கடிக்குதுன்னு தூக்கினு போயிடுவீங்க. பொறந்த நாளைக்கு கேக்கு பேப்பர் தட்டுல எனக்குக் கீழ வரும், க்ரீமு உருகி.

... உங்களக் குத்தம் சொல்லல. ஏறாதது நான்தானே. உன் மாமனாரு மட்டும் மேல போயி ஒரு காபி குடிச்சிட்டு எறங்கிடுவாரு. அப்புறம் வடலூரு வர்ற வரிக்கும் பஸ்ல எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாரு. 'உன்னாலதான்டி எம் பேத்திய நான் மடியில வெச்சித் தூங்க வெக்க முடியல'ன்னு ஒரு தடவை சொன்னாரு. ஒரு தடவதான். அது போதும் எனக்கு.

... ஏறிட்டேம்மா. நான்தான் சொல்றேனே. ஆஸ்பத்திரி லிஃப்ட் மட்டும் இல்ல. உங்க லிஃப்ட்லியே ஏறிட்டேன்.

... ஆமா. உங்க லிஃப்ட். கண்ணாடி வெச்ச லிஃப்ட். பதினொண்ணு அமுக்கினா பச்ச லைட்டு எரியுது.

... போன செவ்வாக்கிழமை.

... ஜெப்ரின், நீ குறுக்க பேசாத. மெர்லினும் கேக்கட்டும்.

... உங்கப்பாவுக்குத் தெரியாது. பாண்டிக்குக் கடைசி டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு மெட்ராஸ் பஸ்ல ஏறிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் சொல்லாம போயி நிக்கணும்னு ஒரு ஆச. சின்னப் புள்ள மாதிரி. பலாச்சொள ஒரு டப்பா நெறைய உரிச்சி எடுத்துகினேன், நம்ம தோட்டத்து மரம், இதான் கடைசிக் காய்ப்பு நமக்கு. சாமிக்கண்ணு அண்ணன் என்னப் பாத்ததும் வழக்கம் போல எழுந்துட்டாரு. 'ஒக்காருங்கண்ணே, நான் மேல போறேன்'னேன். அந்த மனுசன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். லிஃப்ட் வரிக்கும் கூட வந்து, கதவு மூடற வரிக்கும் கையெடுத்துக் கும்புட்டுகினு நின்னாரு.

நாலாவது மாடி வந்தப்ப நெஞ்சு ஒரு தடவ அடிச்சிது. கிருஷ்ணப்ரியா சொல்லிக் குடுத்தாப்பல மூச்ச மெதுவா வுட்டேன். போயிடுச்சு. பதினொண்ணுல கதவு தொறந்துது. உங்க வாசல்ல மிதியடில 'வெல்கம்'னு எழுதியிருக்குது. ஆறு வருசத்துல அன்னிக்கித்தான் அதப் பாத்தேன்.

... ஸ்கூல் லீவுதானே, பாப்பா இருந்துது. புஷ்பவல்லி கதவத் தொறந்தா. அவளுக்கு என்னியத் தெரியல, பாவம், அவ வேலைக்கு வந்தப்புறம் நான் எப்ப மேல போனேன்? பாப்பாதான் உள்ளேர்ந்து ஓடி வந்துது. கட்டிப் புடிச்சிக்கும்னு நெனச்சி கைய நீட்டினேன்.

... அது என்னா சொல்லிச்சி தெரியுமா?

... 'கீழ் ஆயா! நீங்க ஏன் மேல வந்தீங்க?'ன்னுது.

... கேளு. முழுசா கேளு. 'நீங்க மேல வரக் கூடாது, பயந்துடுவீங்க, வாங்க நான் கூட்டினு போறேன்'னு என் கையப் புடிச்சிக்கிச்சி. வூட்டுக்குள்ள ஒரு கால் வெக்கல நான். செருப்பு கழட்டல. அது என்ன இழுத்துகினு லிஃப்டுக்குள்ள போயிடுச்சு, புஷ்பவல்லி பின்னாலியே ஓடியாந்தா. பாப்பாவே பட்டன அமுக்கிச்சி. 'ஆயா, கண்ண மூடிக்குங்க, அவ்ளோதான், அவ்ளோதான், வந்துடுச்சி'ன்னு என் முதுகத் தடவிக் குடுத்துகினே வருது. பயமில்லடா கண்ணுன்னு நான் சொல்லல. கண்ண மூடிகினேன். கீழ வந்ததும் சாமிக்கண்ணு அண்ணன எழுப்பிவுட்டு என்ன சேர்ல உக்கார வெச்சிது. 'இங்கதான் உங்க எடம், இங்க பயமில்ல'ன்னுது. தண்ணி பாட்டில் குடுத்துது.

... அது மேல எனக்கு என்னாம்மா கோவம்? அது தங்கம். எவ்ளோ பாசமா செஞ்சிது. ஒரு புள்ளைக்கு வேற எப்படித் தெரியும்? கண்ணால பாத்ததத்தான் செஞ்சிது. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன், புஷ்பவல்லிகிட்டயும். அவள ஒண்ணும் கேக்காத. பலாச்சொளய மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன். யாரு குடுத்ததுன்னு நீங்களும் கேக்கல இல்ல?... சாமிக்கண்ணு குடுத்ததுன்னு நெனச்சீங்களா. சரிதான்.

... மெர்லின்? போனக் குடுத்துட்டாளா?... எறங்கிட்டாளா கார வுட்டு. சரி. வுடு. அவள மட்டும் சொல்லி என்னா.

... டேய். அழுவறியா?

... அழுவாத. நான் ஒண்ணும் உன்ன அழ வெக்கக் கூப்புடல.

... நான் சொல்றத கேளுடா. எங்கள வெச்சிக்க எடமில்லன்னு நீ நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன், மூணாவது நாளு எழுந்து சோறாக்கியிருப்பேன். வூடு சின்னது, உங்கப்பா டி.வி சத்தம் உனக்கு ஆவாது, அவளுக்கு ஆபீசு, எல்லாம் எனக்குத் தெரியாதா? நான் பெத்த புள்ளதானே நீ. ஆனா நீங்க என்னா பண்ணீங்க? என் பயத்த செவுத்துல ஆணி மாதிரி அடிச்சி வெச்சிகினு, உங்க சட்டையெல்லாம் அதுல மாட்டிட்டீங்க. அம்மாவுக்கு லிஃப்ட் ஆவாது, அம்மாவுக்கு லிஃப்ட் ஆவாதுன்னு உறவு மொற எல்லாருக்கும் சொல்லி, கடைசில நானே நம்பிட்டேன்டா, எல்லாம் என்னாலதான்னு. அந்த ஆணியப் புடுங்கிட்டு வந்து நிக்கறேன், இப்ப சட்டைய எங்க மாட்டறதுன்னு தெரியாம முழிக்கறீங்க.

... என்னா சொன்ன?

... வாங்கன்னா? நாளைக்கே வந்துடுங்கன்னா?

... சரி. லாரிய மெட்ராஸுக்கு வுட சொல்லிடறேன். உங்கப்பா எந்த ரூம்ல படுப்பாரு?

... கேக்கறேன் சொல்லு. எந்த ரூம்ல?

... ம்.

... மெர்லின கேட்டுட்டு சொல்றியா. எறங்கிப் போனவள எப்ப கேப்ப?... பாத்தியா. நீ அழுதுகினே வான்ற, அவ பேசாம எறங்கிப் போறா. இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் எங்கடா பாய் விரிக்கறது?

... வேணாம்டா. வுடு. நான் கேக்கணும்னு கூப்புடல, தெரிஞ்சிக்கணும்னு கூப்புட்டேன். தெரிஞ்சிகினேன்.

... இப்ப உங்கப்பா விசயத்துக்கு வா. அவரு வர்ற நேரம். கண்ணத் தொடச்சிகினு ஒழுங்கா கேளு.

அவரு அட்டைப் பெட்டி ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல 'சென்னை, பதினோராவது மாடி, கவனம்'னு எழுதி வெச்சிருக்காரு. ரிசல்ட்டு வரட்டும்ங்க, இல்லன்னா குறிஞ்சிப்பாடிதானேன்னேன். 'மிஷின் வைத்தியம்டி, மிஷின்னா வேல செய்யும்'னாரு. நம்ம தெரு சர்ச்சுக் குடும்பங்க கூடற அன்பியத்துல வழியனுப்பு ஜெபம் வெச்சி, 'நம்ம சேவியர்ராஜ் அண்ணன், மவன் வூட்டுக்குப் போறாரு'ன்னு பாட்டு பாடி உங்கப்பாவுக்கு சுவர்க் கடியாரம் குடுத்தாங்க. பாப்பாவ ஸ்கூல் பஸ்ல நான்தான் ஏத்துவேன்னு ராயப்பன்கிட்ட தெனம் சொல்லிகினு திரியறாரு. அந்த ஆளுகிட்ட போயி, உங்க மவனுக்கு நம்மள வெச்சிக்க இஷ்டமில்லன்னு நான் எந்த வாயால சொல்ல?

... அதனால பயம் போவலன்னு சொல்லப் போறேன்.

... ஆமா. எனக்கு சரியாவல. பொய் மிஷின்ல போட்டுட்டாங்க, காந்தமே ஓடலன்னு சொல்லுவேன். நீதானே இப்ப சொன்ன, அப்ப சரியாவலன்னுதானே அர்த்தம்னு? உன் வார்த்ததான். நல்ல வார்த்த. நீயும் அதையே சொல்லு. மெர்லினும் அதையே சொல்லட்டும். சாமிக்கண்ணு அண்ணன் வாய் தொறக்க மாட்டாரு.

... ஏன்னா ஏன்? நாப்பது வருசம் மிஷினோட மாரடிச்ச மனுசன்டா அவரு. பெல்ட்டு அறுந்துதுன்னா ரெண்டு உத உட்டுட்டு, ரெண்டு கெட்ட வார்த்த பேசிட்டு, ஸ்பேனரத் தூக்கினு திரும்பப் போயிடுவாரு. மிஷினு கெட்டுப்போனா அவருக்குத் தாங்கத் தெரியும். மவன் கெட்டுப்போனா தெரியாது.

... என் மேல கோவப்படுவாரா? படட்டுமே. ஆறு வருசமா படறாரு, அதுவும் பழகிடுச்சு. அன்பியத்துப் பொம்பளைங்க என்னப் பாத்து உச்சு கொட்டுவாங்க, பாவம் அந்த மனுசன், இவளாலன்னு. கொட்டட்டும். அவருக்கு மவன் இருக்கணும். அவ்ளோதான்.

... வேணாம். நீ ஒண்ணும் மன்னிப்பு கேக்காத. அப்புறம் நான் குடுக்கற மாதிரி ஆயிடும்.

... மாசத்துல ஒரு நாளு பாப்பாவ குறிஞ்சிப்பாடிக்குக் கூட்டினு வா. அங்க லிஃப்ட் இல்ல, சேரும் இல்ல. எல்லாரும் கீழதான் உக்காருவோம். அவரு மடியில தூங்கட்டும். அது மட்டும் செய். செய்வியா?... சத்தமா சொல்லு... சரி.

... இரு. வண்டி சத்தம். வந்துட்டாரு. ராயப்பன் ஹாரன்தான். டேய், நான் இப்ப பேசறதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லிகினு இரு.

... ஆமாடா! ஆமாடா கண்ணு! அதான் நானும் சொல்றேன்! நெனச்சாலே மூச்சு முட்டுதுடா! நேத்துதான் சொன்னாங்க, பொய் மிஷினாம்டா! வெறும் சத்தமாம்! உள்ள காந்தமே ஓடலியாம்! நான் என்னா பண்ணுவேன்!

... வந்துட்டீங்களா? கயிறு கெடச்சிதா?... ஜெப்ரின்தான் லைன்ல. அவன்தாங்க... இல்லீங்க, சரியாவலீங்க. போன் வந்துது ஆஸ்பத்திரிலேர்ந்து. சத்தம் மட்டும் போடற மிஷின்ல போட்டுட்டாங்களாம்... ஆமாங்க, மிஷினே பொய்யாம்... எங்கிட்ட கத்தினா நான் என்னா பண்றது, நானா ஓட்டினேன்?... ஆமா, என்னாலதான். சரி. என்னாலதான். அந்த அட்டைப் பெட்டிய எட்டி ஒதைக்காதீங்க, உள்ள கடியாரம் இருக்குது.

... இல்லடா, உங்கிட்ட இல்ல, அப்பாகிட்ட சொன்னேன்.

... கேளுங்க, அவன் அழுவறாங்க. அம்மாவுக்கு சரியாவலியேன்னு அழுவறான். நாளைக்கே வந்துடுங்கன்றான், நான்தான் வேணாம்னுட்டேன்... நெசமாத்தாங்க. வேணும்னா நீங்களே கேளுங்க, இந்தாங்க... ஜெப்ரின், இந்தா, அப்பா பேசறாரு...

... என்னாங்க?... சத்தம் வரலியா? குடுங்க இப்படி. ஹலோ? ஹலோ, ஜெப்ரின்?

... கட் ஆயிடுச்சிங்க.

... சேச்சே, அவனா ஏன் போன வெக்கப் போறான். பார்க்கிங்லேர்ந்து பேசிகினு இருந்தான். லிஃப்ட்ல ஏறியிருப்பான். அதுக்குள்ள போயிட்டா லைன் கெடைக்காதுல்ல.